பட்டார் பெயர்: நடுகல்லும் ஊர்ப் போர் நினைவுக் கல்லும்

இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்களில் மாதாகோயிலைச் சார்ந்த கல்லறைத் தோட்டத்தின் வாயிலருகே சிலுவை வடிவினதாக ஒரு கல் நிற்றலைப் பெரும்பாலும் காணலாம். அதன் அடிப்பீடத்தில், 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த பெரும்போரில் மாண்ட அவ்வூர் ஆடவர் பெயர்கள் வரிசைப்பட வெட்டப்பெற்றிருக்கும். இரண்டாம் பெரும்போரிற்பட்டோர் பெயர்கள் அவற்றின்கீழ்ப் பின்னர்ச் சேர்க்கப்பெற்றிருக்கும். இவ்வழக்கத்தைக் காணும் தமிழ் மாணவர்க்கு நடுகல் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும், இரண்டும் ஒன்றே எனக் கூறி அமைதல் ஆராய்ச்சியாகாது. எவ்வெவற்றால் ஒன்றுபடுகின்றன, எவ்வெவற்றால் வேறுபடுகின்றன, பட்டவன் பெயர் யாண்டு நிற்கிறது, யாண்டு மறைகிறது என்பனவற்றைச் சேலம், நாமக்கல் சமவெளியையும் அதனைச் சூழ்ந்த நிலப்பகுதியையும் சான்றாகக் கொண்டு விளக்க முற்படுவது இக்கட்டுரை.

முதற்கண், அம்மேனாட்டு நினைவுக் கல் தோன்றிய காரணத்தை அறிதல் வேண்டும். போர்க்களத்தில் மாண்டார் உடலைத் தாயகத்திற்குக் கொண்டுவருதல் கூடாது என்று 1915ஆம் ஆண்டிலேயே பிரித்தானியர் முடிவு செய்தனர். செல்வர் மகன் உடல் ஊர் திரும்ப, ஏழை மகன் உடல் அயல்நாட்டு மண்ணிற் கிடத்தல் முறையன்று என்பது அம்முடிவிற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. இறந்தவர்க்கிடையே பதவி வேற்றுமை பாராட்டாது ஒரேவகைக் கல்லே நடுதல் வேண்டும் என 1918இல் பிரெடரிக் கென்யன் அளித்த அறிக்கையும் வலியுறுத்தியது. உடல் அயல்நாட்டில் தங்கிவிட்டமையின், உடலற்ற கல் ஒன்று உள்ளூரில் தேவையாயிற்று. ஆகவே கல்லறைத் தோட்டத்தில் நின்றாலும் அக்கல் கல்லறையன்று. வாராதவனுக்கு ஊரார் எடுத்த கல் அது. ஒருவரையும் இழவாத ஊர்கள் அந்நாட்டில் மிகச் சிலவே. அவற்றிற்கு 'நன்றியுடைய ஊர்கள்' என்று ஆர்தர் மீ என்னும் எழுத்தாளர் 1936இல் பெயர் சூட்டினார். ஒரு கல்லும் நடவேண்டாத ஊர் தனிப்பெயர் பெறுமளவிற்குக் கல் நட்ட ஊர்கள் மலிந்திருந்தன என்பது இதனாற் பெறப்படும்.

தமிழ் மரபில் இவ்வேறுபாடு, அஃதாவது உடல் கிடக்கும் இடத்திற்கும் கல் நிற்கும் இடத்திற்கும் உள்ள வேறுபாடு, தெளிவாக வரையறுக்கப்படவில்லை. புறநானூற்று 264ஆம் பாட்டில் பரற்கற்கள் குவிந்த பதுக்கையும், பெயர் பொறித்து நட்ட கல்லும் ஒருங்கே கூறப்படுகின்றன. கல்லிற்குச் சிவந்த பூமாலையும் மயிற்பீலியும் சூட்டப்பெற்றுள்ளன. கன்றொடு கறவையை மீட்டுத்தந்தவன் கல்லாகிவிட்ட செய்தியைப் பாணர் சுற்றம் அறியுமோ அறியாதோ எனப் புலவர் இரங்குகிறார். பதுக்கை உடலை மூடுவது. கல் பெயரைத் தாங்குவது. இரண்டும் ஓரிடத்தன ஆதலும் உண்டு. அகநானூற்றுப் பாலைப் பாட்டுகளிலோ கற்கள் வழிதோறும் நிற்கின்றன. 67ஆம் பாட்டில் அவற்றின்முன் ஊன்றிய வேலும் சார்த்திய பலகையும் பகைவர் பாசறைபோல் தோன்றி வழிச்செல்வோரை மருட்டுகின்றன. புறநானூற்று 329ஆம் பாட்டில் வரும் கல்லோ, சில குடிகளேயுள்ள சீறூரின் புறத்தே நிற்பது, நாடோறும் பலி பெறுவது, நீராட்டப்பெறுவது, நெய்ப்புகை கமழ்வது. பாலைவழிக் கல்லினும் இச்சீறூர்க் கல்லே மேனாட்டுக் கல்லறைத் தோட்டத்துக் கல்லிற்கு நெருங்கியது. ஊராரின் அன்றாட வாழ்க்கைக்குள் நிற்பது இரண்டிற்கும் பொதுவாகலின் என்க.

தொல்காப்பியர் புறத்திணையியலில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளைத் தொகுத்துரைத்தார். புறப்பொருள் வெண்பாமாலை இவற்றைப் பொதுவியற் படலத்துள் வைத்து, கல்லிற்குக் கோயிலெடுத்துப் புகுதலாகிய 'இற்கொண்டு புகுதல்' என்பதனையும் சேர்த்தது. சிலப்பதிகார வஞ்சிக்காண்டத்துக் காதைப் பெயர்கள் இம்முறையை ஒட்டியே அமைந்தன என்பதும், போரிற்பட்ட மறவர்க்குரிய சடங்குமுறை ஆண்டு ஒரு பெண்ணிற்கு உரித்தாக்கப்பட்டது என்பதும் யாவரும் அறிந்தன. ஈண்டு நோக்கத்தக்கது வேறொன்று. இவ்வாறு நிலைகளுள் 'பெயர் எழுதுதல்' என ஒரு நிலை தனியே கூறப்படவில்லை. கல்லைத் தேர்தல், கொணர்தல், நீராட்டல், நடுதல், படைத்தல், வாழ்த்துதல் என்பனவே உள்ளன. அகநானூறும் புறநானூறும் ஐங்குறுநூற்று 352ஆம் பாட்டும் எழுத்துடைய கற்களைக் கூறுகின்றன என்பது உண்மையே. ஆயினும் இலக்கணம் வகுத்தாரது நோக்கில் எழுத்து நடுகல்லிற்கு இன்றியமையாத உறுப்பாக இருந்திலது போலும். இன்றியமையாதது வழிபாடு. இதனை மனத்திற்கொண்டால் பின்னர்க் கூறப்படுவன நன்கு விளங்கும்.

சேலம், நாமக்கல் நிலப்பகுதி, சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சை என்னும் மலைகட்கும் காவிரிக்கும் இடைப்பட்டது. இன்றைய தருமபுரி மாவட்டம் 1965 வரையிலும், நாமக்கல் மாவட்டம் 1997 வரையிலும் சேலத்தின் பகுதிகளாகவே இருந்தன. ஆதலின் தகடூரையும் நாமக்கல்லையும் ஒரே நிலத்தின் இருமுனைகளாகக் கொள்ளுதல் பிழையன்று. தகடூரை ஆண்ட அதியமான் மரபினர் பிற்காலத்தில் நாமக்கல்லிற் குடைவரை எடுத்தமை இதற்கு மேலும் அரண் செய்யும். ஆண்டுள்ள குடைவரைக்கு 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்றே பெயர். நடுகல் பற்றிய சங்கப் பாட்டுகளுள் நெஞ்சை மிகவும் உருக்குவதும் இந்நிலத்தைச் சார்ந்ததே. அதியமான் நெடுமானஞ்சிக்குக் கல் நட்டுப் பீலி சூட்டிச் சிறுகலத்தில் நாரரி மது உகுப்பதைக் கண்ட ஔவையார், ஓங்கிய மலையுடைய நாட்டைக் கொடுப்பினும் கொள்ளாதவன் இச்சிறு மதுவைக் கொள்வானோ என்று 232ஆம் புறப்பாட்டில் வினவுகிறார். சடங்கு முறைப்படி நடக்கிறது. ஆனால் சடங்கு போதவில்லை என்பது அவ்வினாவின் உட்பொருள். மன்னன் ஒருவனுக்கு எடுத்த கல்லின்முன் நின்றே அவர் இவ்வாறு கூறினாராயின், பெயரறியாப் போர்வீரன் கல்லின்முன் அவன் தாய் கூறியது யாதாக இருக்கும் என எண்ணத் தோன்றுகிறது. அதனைப் பாடினார் இலர்.

கல்வெட்டுகளுக்கு வருவோம். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்கள், பெயர் பொறிக்கும் வழக்கம் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே இருந்தமையைக் காட்டின. அவற்றுள் ஒன்று ஆள்பெயர், ஊர்ப்பெயர், 'ஆகோள்' என்னும் நிகழ்ச்சி ஆகிய மூன்றையும் ஒருசில சொற்களில் அடக்கியது. தொல்காப்பியத்து வெட்சித் துறைச்சொல் ஒன்று கல்லில் அவ்வாறே கிடைத்தமை இலக்கண மாணவர்க்குப் பெருமகிழ்ச்சி தந்த செய்தி. ஆயினும் எண்ணிக்கையாற் பெருகி நிற்பன பல்லவர் காலத்து வட்டெழுத்து நடுகற்களே. செங்கம் வட்டாரத்துக் கற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் நூலாக வெளியிட்டது. தருமபுரி வட்டாரத்துக் கற்களும் பின்னர் வெளிவந்தன.

இக்கற்களின் வாசகம் ஓர் ஒழுங்குடையது. முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும். அடுத்து அவன்கீழ் அந்நிலத்தை ஆண்ட தலைவன். பின்னர் இன்னார் சேவகன், இன்னார் மகன் என வீரன் உறவு. 'தொறுக்கொண்ட ஞான்று', 'தொறு மீட்டு' என நிகழ்ச்சி. இறுதியில் 'பட்டான்', 'கல்' என முடிபு. தொறு என்பது ஆநிரை. அரசன் பெயரை முன்வைப்பினும் கல் அரசனுடையதன்று. அரசன் ஈண்டுக் காலத்தைக் காட்டும் கருவியாகவே வருகிறான். போரும் பெரும்போரன்று, பக்கத்து ஊரார் மாட்டை ஓட்டிச் சென்ற பூசலே பெரும்பான்மை. இன்று செய்தித்தாளில் நான்கு வரியளவிற்கும் இடம் பெறாத அப்பூசலில் மடிந்தவன் பெயர் ஆயிரத்து முந்நூறு ஆண்டு கடந்தும் நிற்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல் இவற்றுள் பலராலும் எடுத்துக் காட்டப்படுவது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், கருந்தேவகத்தி என்பான் கால்நடை காத்துப் பட்டதைக் கூறுவதோடு நின்றிலது. கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அவனுடைய நாயையும் கூறுகிறது. நாயின் உருவம் வீரனருகே செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் 'கோவிவன்' என்றும் எழுதப்பட்டிருக்கிறது. இதனை வியப்புச் செய்தியாகக் கூறிப் போவோர் பலர். இதன் உட்கிடக்கை வேறு என்பது என் கருத்து. களத்தில் நின்றது யாதாயினும் அதற்குப் பெயர் உண்டாயின், அப்பெயரை எழுதுதல் கல் எடுப்போர் கடமை என்ற கொள்கை அங்கே செயற்படுகிறது.

இக்கொள்கையை அளவுகோலாகக் கொண்டு 1914ஆம் ஆண்டுப் போரின் நினைவுப் பலகைகளை நோக்குவோம். வேலூர் மணிக்கூண்டில் ஆங்கிலப் பலகை ஒன்று பதிக்கப்பெற்றுள்ளது. இவ்வூரிலிருந்து 277 பேர் 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த பெரும்போருக்குச் சென்றனர் என்பதும், அவருள் 14 பேர் தம் உயிரைக் கொடுத்தனர் என்பதும் அதன் செய்தி. அவ்வளவே, ஒரு பெயரும் இல்லை. வேலூர் அக்காலத்திலேயே பெரியதொரு நகரம். ஆயினும் பலகை அதனைச் சிற்றூர் என்றே குறிக்கிறது. ஊர்ப்பெயரையும் இரண்டு எண்களையும் மட்டும் மாற்றிப் பல ஊர்களுக்கும் ஒரே வாசகத்தை வழங்கியமையின் விளைவு இது. இதே வாய்பாட்டில் அமைந்த பலகைகள் வேறு ஊர்களிலும் உள்ளன. வாய்பாடு என்ற அளவில் வட்டெழுத்துக் கல்லும் வாய்பாடுடையதே. ஆனால் அவ்வாய்பாட்டில் வெற்றிடமாக விடப்பட்டது ஆள்பெயருக்கு. இவ்வாய்பாட்டில் வெற்றிடமாக விடப்பட்டது எண்ணுக்கு.

சொல்லாட்சியிலும் ஒரு வேறுபாடு உண்டு. நடுகல் 'பட்டான்' என்கிறது. 'படு' என்னும் வினை நிகழ்ந்ததைக் கூறுகிறதேயன்றி, இறந்தவன் உள்ளத்தைப் பற்றி யாதும் கூறவில்லை. 'உயிரைக் கொடுத்தனர்' என்னும் தொடரோ ஒரு கொடையையும் கொள்வாரையும் உடன்குறிக்கிறது. தன் ஊர் ஆநிரையை மீட்டவன் யாருக்குக் கொடுத்தான் என்பதில் ஐயமில்லை. மெசொப்பொத்தேமியாவிலும் கிழக்காப்பிரிக்காவிலும் மாண்ட தமிழ்ச் சிப்பாய் யாருக்குக் கொடுத்தான் என்பதற்கு அவன் ஊரார் விடை கூறியிருத்தல் அரிது. படு என்னும் வினை கொங்கு நாட்டில் இன்றும் உயிருடன் வழங்குகிறது. அண்ணன்மார் கோயில் விழாவில் வழிபடுவோர் போரிற் பட்டார்போல் வீழ்ந்து கிடந்து பின் எழுப்பப்படும் சடங்கிற்குப் 'படுகளம்' என்றே பெயர்.

முதற்பெரும்போரில் இந்தியாவிலிருந்து சேர்ந்தோர் ஏறத்தாழ 13 இலட்சம் பேர். இறந்தோர் 74,000 அளவினர் என்பர். இவர்கட்குக் கல் எடுக்கப்படவில்லை என்பது பொருந்தாது. பிரான்சு நாட்டு நெவ் சப்பேலில் 1927இல் திறக்கப்பெற்ற நினைவகத்தில் 4,700க்கு மேற்பட்ட இந்தியர் பெயர்கள் உள்ளன. அதன் தூணில் ஆங்கிலம், அரபு, தேவநாகரி, குர்முகி என்னும் எழுத்துகளில் வாசகம் வெட்டப்பெற்றுள்ளது. தமிழ் எழுத்து இல்லை. தில்லி இந்தியா வாயிலில் 13,000க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. ஈராக்கு நாட்டு பசுரா நினைவகத்திலோ நிலைமை வேறு. பிரித்தானியப் படையினர் பெயர்கள் முழுவதும் வெட்டப்பட்ட அங்கு, இந்தியருள் அதிகாரிகள் பெயர் மட்டும் வெட்டப்பட்டது. ஏனையோர் படைப்பிரிவுவாரியாக எண்ணால் குறிக்கப்பட்டனர். பதவி வேற்றுமை கூடாதென 1918இல் வகுத்த விதி அங்கு மீறப்பட்டது. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் 2021 ஏப்பிரலில் வெளியிட்ட ஆய்வறிக்கை இதனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆசிய, ஆப்பிரிக்க நாட்டினருள் 45,000 முதல் 54,000 வரையிலானோர் ஏற்றத்தாழ்வுடன் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை, ஒருவேளை எவ்வகையாலும் நினைவுகூரப்படாமலே இருக்கலாம் என்றும் அவ்வறிக்கை கணக்கிட்டது.

சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறையும் இத்தொடர்பில் அறியத்தக்கது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் ஊர்ப்புறக் கல்லறைத் தோட்டங்களிற் சிதறிக் கிடந்த இரண்டாம் போர்க்காலக் கல்லறைகளைத் தொடர்ந்து பேணுதல் அரிதாயினமையின், அவற்றை ஓரிடத்திற் சேர்த்தற்கு 1952இல் அது அமைக்கப்பட்டது. ஆண்டு 850க்கு மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. முதற்போர்க் காலத்தில் இறந்து, பேண இயலாத கல்லறைகளிற் கிடக்கும் ஆயிரவர்க்கு மேற்பட்டோர் பெயர்கள் பின்புறச் சுவரில் தொகுக்கப்பெற்றுள்ளன. பேணுதற்கு இது நல்ல வழி. ஆனால் ஊரினின்று கல் பெயர்ந்துவிடுகிறது. நம் ஊர் 'வேதக்கோயில்' கல்லறைத் தோட்டங்களை ஆராயும் மாணவர், இன்று காணப்படாத கல் அன்றும் இருந்ததில்லை எனத் துணிதல் கூடாது. 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து வெளியிட்ட மாகாணக் கல்லறை வாசகங்களின் பட்டியலைப் பார்த்தல் வேண்டும். அப்பட்டியலில் அதிகாரிகளும் அவர்தம் குடும்பத்தாருமே மிகுதி. உடன் மாண்ட உள்நாட்டுச் சிப்பாய்க்கு அதில் இடம் அரிது.

எண்ணளவிலும் குறிக்கப்படாதாரும் உளர். சேலம் மாவட்டம் மலேயா தோட்டங்களுக்குக் கூலியாட்கள் மிகுதியாகச் சென்ற மாவட்டங்களுள் ஒன்று. அத்தோட்டங்களிலிருந்து சப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசென்ற தமிழருள் பல்லாயிரவர் நோயாலும் பட்டினியாலும் மாண்டனர். அவர்கள் படைவீரர் அல்லர். ஆதலின் எந்தப் படையின் பட்டியலிலும் இலர். தாய்லாந்துக் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குத் தனித்தனிக் கல் வரிசையாக நிற்கிறது. தமிழர்க்கு அங்ஙனம் இல்லை. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வூர்ப் பௌத்தக் கோயில் வளாகத்தில் அவர்கட்கு ஒரு கல் எடுக்கப்பட்டது. எடுத்தோர் அதற்கு இட்ட பெயர் 'நடுகல்'. போரிற் பொருதவர் அல்லாதார்க்கு இச்சொல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். வஞ்சிக்காண்டம் பயின்றார்க்கு அவ்வையம் எழாது. ஒருவர்க்குரிய சடங்கைப் பிறிதொருவர்க்கு உரித்தாக்குதல் அம்மரபிற்குள்ளேயே நிகழ்ந்ததுதான்.

இனி மறுபக்கத்தையும் கூறுதல் நேர்மை. நடுகல் பெயரைக் காத்தது, மேனாட்டார் பலகை பெயரை மறைத்தது என்று மகிழ்ந்து அமைதற்கில்லை. செங்கம், தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளில் நடுகற்கள் பல 'வேடியப்பன்' என்னும் ஒரே பெயரால் வழிபடப்படுகின்றன. கல்லில் எழுதிய பெயர் ஒன்றாக இருக்க, ஊரார் அழைக்கும் பெயர் வேறாக இருக்கிறது. வட்டெழுத்து வழக்கொழிந்தபின் அதனைப் படிப்பார் இலராயினர். பெயர் கல்லில் இருந்தும் மறைந்தது. வழிபாடு மட்டும் அறாது தொடர்ந்தது. ஆங்கில நாட்டுக் கல்லறைத் தோட்டத்துக் கல்லில் பெயர் இன்றும் படிக்கத்தக்கதாக நிற்கிறது. ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களில் செந்நிறக் காகிதப்பூ வளையம் சாத்தப்படுகிறது. ஆனால் அப்பெயருடையானிடம் மழை வேண்டுவார் இல்லை, மகப்பேறு வேண்டுவாரும் இல்லை. ஒரு மரபு பெயரைக் காத்தது. மற்றொன்று உறவைக் காத்தது. இரண்டனுள் எது மேல் என்பதைச் சமயக் கொள்கையே முடிவு செய்யும். இலக்கிய ஆராய்ச்சி முடிவு செய்யாது.

இராசிபுரத்திற்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் வேம்பின் அடியில் நிற்கும் கல் ஒன்றை என் மாணவர் சிலருடன் சென்று கண்டேன். கையில் வில்லும் இடையில் குறுவாளும் உடைய உருவம். மேற்புறம் எழுத்திருந்ததற்குரிய வரிப்பள்ளங்கள் விரலுக்குத் தட்டுப்பட்டன. ஆனால் ஆண்டுதோறும் பூசிய சுண்ணாம்பும், அதன்மேல் அண்மையில் அடித்த எண்ணெய்ச் சாயமும் விரற்கடை அளவு படிந்திருந்தமையால் ஓரெழுத்தும் தெளியவில்லை. சாயத்தை நீக்கி மைப்படி எடுக்க இசைவு தருமாறு பூசை செய்யும் முதியவரைக் கேட்டோம். "அப்பன் மேனியைச் சொரண்டக் கூடாதுங்க" என்றார். மாணவருள் ஒருவன், எழுத்தைப் படித்தால் அப்பன் உண்மைப் பெயர் தெரியுமே என்றான். முதியவர் சிறிது எண்ணிப் பார்த்து, பெயர் தெரிந்தால் அந்தப் பெயருக்கும் சேர்த்துப் பொங்கல் வைக்க வேண்டும், ஊரைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். தைத் திங்கள் கழித்து வருமாறு கூறினார். வடித்த நீரும், மென்தூரிகையும், மைப்படித் தாளும் எடுத்துக்கொண்டு மாசியில் மீண்டும் செல்ல எண்ணியுள்ளோம்.